தாத்தாவின் சாப்பாட்டு மேசையிலிருந்து கியூபா வகுப்பறை வரை: மார்க்கேஸின் இன்னொரு வாழ்க்கை

கேள்வி: காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் திரைக்கதைகளும் எழுதினார், கியூபாவில் கதை எழுதும் பயிற்சியும் நடத்தினார் என்று ஒரு நண்பர் சொன்னார். எனக்கு அவரை நாவலாசிரியராக மட்டுமே தெரியும். சினிமாவில் அவர் என்ன செய்தார்? அதில் ஏன் அவருக்குப் பெரிய பெயர் இல்லை? எழுதக் கற்றுக்கொடுக்க முடியும் என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா?

பதில்:

உங்கள் நண்பர் சொன்னது சரிதான். இன்னும் அழுத்தமாகவே சொல்லியிருக்கலாம். மார்க்கேஸ் நாவல் எழுதிக் களைத்த நேரத்தில் சினிமாப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. முப்பது வயதுகளில் அவர் பிழைப்புக்கு நம்பியது சினிமாவை, கனவு கண்டதும் சினிமாவை. உலகப் புகழ் வந்த பிறகு, ஐம்பத்தொன்பது வயதில், ஒரு சினிமாப் பள்ளியைத் தொடங்கி அங்கே வருடா வருடம் இளைஞர்களோடு உட்கார்ந்து கதை பேசினார். நாவல், சினிமா, வகுப்பு இவை மூன்றையும் தனித்தனி வேலைகளாகப் பார்த்தால் அவர் வாழ்க்கை புரியாது என்பது என் எண்ணம். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

கொலம்பியாவின் கரீபியக் கடலோரப் பகுதியில் அரகதாகா என்று ஒரு ஊர். வாழைத்தோட்டங்களால் பிழைத்த ஊர். 1927 மார்ச் 6 அன்று அங்கே பிறந்தார். சிறுவயதில் தாய்வழித் தாத்தா பாட்டி வீட்டில்தான் வளர்ந்தார். பாட்டி பேய்க்கதைகளை முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், பக்கத்து வீட்டுச் செய்தி மாதிரி சொல்வாராம். அதிலிருந்துதான் அவருடைய நாவல் நடை பிறந்தது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், அவரே சொல்லியிருக்கிறார். ஆனால் தாத்தாவிடமிருந்து வந்த இன்னொன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஊரில் இத்தாலியிலிருந்து குடியேறிய அந்தோனியோ தகோன்தே என்பவர் படம் காட்டுவார். தாத்தா கர்னல் நிக்கோலாஸ் மார்க்கேஸ் பேரனைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப் போவார். மறுநாள் சாப்பாட்டு மேசையில் அந்தப் படத்தின் கதையைப் பேரன் முழுக்கச் சொல்ல வேண்டும். பையன் மறந்ததைத் தாத்தா எடுத்துக் கொடுப்பார், தப்பாகச் சொன்னதைத் திருத்துவார், சிக்கலான காட்சிகளை மறுபடி அடுக்கிப் பார்க்க உதவுவார். மார்க்கேஸ் இதைத் தன் நினைவுக் குறிப்பு நூலில் எழுதியிருக்கிறார். பார்த்ததை வாய்விட்டுச் சொல்வது, எதிரில் இருப்பவர் குறுக்கிடுவது, கதை அங்கேயே திருந்துவது. ஐம்பது வருடம் கழித்து அவர் கியூபாவில் நடத்திய வகுப்பும் இதேதான்.

சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுப் பத்திரிகைக்காரர் ஆனார். 1954-இல் பொகோட்டாவின் 'எல் எஸ்பெக்ததோர்' நாளிதழில் சேர்ந்து வாராவாரம் சினிமா விமர்சனம் எழுதினார். சாதாரண மக்களின் வாழ்க்கையை உள்ளபடி காட்டிய இத்தாலிய நியோரியலிசப் படங்கள் அவரை ஆட்டிப்படைத்த காலம் அது. விட்டோரியோ டி சிகா இயக்கி, சேசாரே சவாத்தீனி எழுதிய 'மிலானில் அதிசயம்' என்ற படத்தில், சேரிக்காரர்கள் கடைசியில் துடைப்பக் கட்டைகளில் ஏறி மிலான் பேராலயத்துக்கு மேலே பறந்து போவார்கள். பசி, குளிர், போலீஸ் அடி எல்லாம் அப்பட்டமாக இருக்கும் படம், முடிவில் பறக்கிறது. மார்க்கேஸின் நாவல்களை வாசித்தவர்களுக்கு அந்தக் காட்சியைப் பார்த்தால் தெரிந்த வீட்டுக்குள் நுழைவது போல இருக்கும்.

1955-இல் பத்திரிகை அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ரோமில் சினிமா கற்றுத்தரும் அரசு நிறுவனமான சென்ட்ரோ ஸ்பெரிமென்டாலேயில் சேர்ந்தார். திரைக்கதை படிக்கத்தான் போனார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடங்கள் ஏமாற்றமளித்தன. ஆனால் மூவியோலா அவரைப் பிடித்துக்கொண்டது. பிலிமை ஓட்டி, நிறுத்தி, வெட்டி, ஒட்டிப் பார்க்கும் எடிட்டிங் இயந்திரம் அது, நம்மூர் பழைய எடிட்டர்களும் அதே பெயரில்தான் சொல்வார்கள். ஒரு காட்சிக்கு அடுத்து எந்தக் காட்சி வந்தால் என்ன அர்த்தம் பிறக்கிறது என்பதே சினிமாவின் இலக்கணம், அது தெரியாமல் திரைக்கதை எழுத முடியாது என்ற கருத்து அவருக்கு அங்கிருந்து வந்தது. சில மாதங்களில் அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

ரோமில் அவருக்கு நேர்ந்த இன்னொன்று சவாத்தீனி. பல வருடம் கழித்து எழுதிய 'புனிதை' என்ற சிறுகதையில் மார்க்கேஸ் அவரைப் பெயரோடு கொண்டுவருகிறார். அந்தக் கதையில் சவாத்தீனி, கதைகள் தாமாகவே ஊறிக்கொண்டிருக்கும் ஆசிரியர். அவரால் தனியாக யோசிக்க முடியாது, யாராவது கூட இருந்து வாய்விட்டு யோசிக்க வேண்டும். கதை முடிந்ததும் அவருடைய உற்சாகமும் வடிந்துவிடும், இதைப் படமாக வேறு எடுக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தப்படுவார். சிறுகதைதான், அதில் எவ்வளவு நிஜம் எவ்வளவு புனைவு என்று பிரிக்க வேண்டியதில்லை. ஒரு நல்ல ஆசிரியர் எப்படி இருப்பார் என்று மார்க்கேஸ் மனதில் வைத்திருந்த சித்திரம் அது. தாத்தாவின் மேசைக்குப் பிறகு இரண்டாவது மேசை.

அடுத்து பாரிஸ். கொலம்பியாவில் ரோஹாஸ் பினீயாவின் ராணுவ ஆட்சி அவருடைய பத்திரிகையை முடக்கியது. சம்பளம் நின்றது. அந்த வறுமையில் எழுதியதுதான் 'கர்னலுக்கு யாரும் எழுதுவதில்லை'. ஓய்வூதியக் கடிதத்துக்காக வருடக்கணக்கில் காத்திருக்கும் கிழவரின் கதை. அந்தக் குறுநாவலை இன்று எடுத்துப் படித்தால் கேமரா அவர் பின்னாலேயே நடப்பது தெரியும். கர்னல் காப்பி டப்பாவைத் திறக்கிறார், அடியில் கொஞ்சம்தான் இருக்கிறது, கத்தியால் சுரண்டுகிறார், துருவும் சேர்ந்து விழுகிறது. அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஆசிரியர் சொல்வதே இல்லை, கையைக் காட்டுகிறார், அதுவே போதுமானதாக இருக்கிறது. மார்க்கேஸும் அதன் நடையை ஒரு திரைக்கதைக்கு ஒப்பிட்டிருக்கிறார்.

1961-இல் மனைவி மெர்சேதெஸ், கைக்குழந்தை ரொத்ரிகோவோடு மெக்ஸிகோ நகரத்துக்கு வந்தார். வந்ததே சினிமாவுக்காகத்தான். ஆனால் முதலில் கிடைத்தது பெண்கள் பத்திரிகையிலும் குற்றச் செய்திப் பத்திரிகையிலும் ஆசிரியர் வேலை, பிறகு விளம்பர நிறுவன வேலை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கதவு திறந்தது. மெக்ஸிகோ எழுத்தாளர் ஹுவான் ருல்ஃபோவின் கதையிலிருந்து 'தங்கச் சேவல்' என்ற படத்துக்கு, நாவலாசிரியர் கார்லோஸ் ஃபுவெந்தெஸோடும் இயக்குநர் ரொபெர்த்தோ கவால்தோனோடும் சேர்ந்து திரைக்கதை எழுதினார், 1964-இல் வந்தது. அடுத்த வருடம் அவருடைய சிறுகதை ஒன்றை அல்பெர்த்தோ இசாக் படமாக்கினார். அதில் மார்க்கேஸே சினிமா கொட்டகையில் டிக்கெட் கிழிக்கும் ஆளாகத் தலைகாட்டுவார், ஸ்பானிய இயக்குநர் லூயிஸ் புனுவல் பாதிரியாராக வருவார்.

முழுக்க அவருடைய கதையாக வந்தது 1966-இன் 'சாகும் நேரம்'. இயக்கிய ஆர்துரோ ரிப்ஸ்டைனுக்கு அப்போது இருபத்தொரு இருபத்திரண்டு வயது. ஒருவனைக் கொன்றுவிட்டு 18 வருடம் சிறையிலிருந்த மனிதர் ஊர் திரும்புகிறார். செத்தவனின் இரண்டு மகன்கள் வளர்ந்து நிற்கிறார்கள். அவருக்கு இனிச் சண்டை வேண்டாம், பழைய காதலி வேண்டும், பின்னல் போட்டுக்கொண்டு வயதாக வேண்டும். ஊரும் மானமும் விடுவதாக இல்லை. 15 வருடம் கழித்து வந்த 'முன்னறிவிக்கப்பட்ட மரணத்தின் வரலாறு' நாவலிலும் இரண்டு சகோதரர்கள், மானம், எல்லோருக்கும் முன்பே தெரிந்த ஒரு கொலை. அந்த நாவலின் விதை இந்தத் திரைக்கதையில் இருக்கிறது என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இத்தனை செய்தும் ஏன் திரைக்கதையாளராக அவர் நிலைக்கவில்லை?

முதல் காரணம் வசனம். அவருடைய நாவல்களில் பேச்சு எவ்வளவு குறைவு என்று கவனித்திருப்பீர்கள். ஸ்பானிய மொழியில் பேச்சுக்கும் எழுத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது, எழுதப்பட்ட வசனம் பொய்யாக ஒலிக்கிறது என்று அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 'சாகும் நேரம்' வசனத்திலும் ஃபுவெந்தெஸின் கை உண்டு. வசனத்தை நம்பாத ஒருவர் சினிமாவுக்கு எழுதுவது, அதுவும் அறுபதுகளின் மெக்ஸிகோ சினிமாவுக்கு எழுதுவது, கஷ்டம்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. மார்க்கேஸின் அதிசயங்கள் கதைசொல்லியின் குரலில் வாழ்கின்றன. சிறகு முளைத்த கிழவர் ஒருவர் கோழிக்கூண்டில் கிடக்கிறார் என்று அவர் எழுதும்போது, அந்தச் சிறகு அழுக்கா, பேன் பிடித்ததா, நிஜமா என்பதை வாசிப்பவர் தன் மனதில் முடிவு செய்துகொள்கிறார். அந்தக் கதையை ஃபெர்னாந்தோ பிர்ரி 1988-இல் படமாக்கினார். திரையில் சிறகு என்றால் யாரோ செய்து ஒட்டிய சிறகு. இயக்குநர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பார்ப்பவரின் கண் முதலில் அங்கேதான் போகும்.

மூன்றாவது, திரைக்கதையாளர் தன் கதைக்கு எஜமானர் இல்லை. தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் எல்லோரும் கை வைத்த பிறகு மிஞ்சுவதுதான் படம். மார்க்கேஸ் இதைக் கசப்போடு அனுபவித்தார், ஆனால் பின்னாளில் மாணவர்களிடம் இதை மறைக்கவில்லை. திரைக்கதை எழுத வருபவருக்குப் பணிவு வேண்டும், தன் எழுத்து இன்னொருவரின் படத்துக்குள் கரைந்துவிடும் என்று தெரிந்தே எழுத வேண்டும் என்றார்.

1965-இல் அகபுல்கோவுக்குக் காரில் போகும்போது, பல வருடமாக மனதில் கிடந்த நாவலின் தொனி சட்டென்று பிடிபட்டது என்பது நீங்கள் கேள்விப்பட்ட கதையாகத்தான் இருக்கும். பதினெட்டு மாதம் வேறு வேலை செய்யாமல் எழுதினார், வீட்டுச் சாமான்கள் அடகுக்குப் போயின, 1967-இல் புவெனஸ் அயர்ஸில் புத்தகம் வந்தது. 'தனிமையின் நூறு ஆண்டுகள்' என்று தமிழிலும் வந்துவிட்டது. நான் சொல்ல வருவது வேறு. சினிமாவின் எல்லை எது என்று கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்ட ஒருவர், அந்த எல்லைக்கு அந்தப் பக்கம் நின்று எழுதிய நாவல் அது. நூறு வருடக் கதையை ஒரே மூச்சில் சொல்லும் குரல், ஒரே பெயருள்ள ஆட்கள் வரிசையாக வருவது, ஒரு வாக்கியத்துக்குள் முன்னும் பின்னும் போகும் காலம், இவை எதுவும் அன்றைய கேமராவுக்கு அடங்காது. அதனால்தான் ஆயுள் முழுக்க அந்த நாவலின் பட உரிமையை அவர் விற்கவில்லை. நடிகர் ஆண்டனி க்வின் பத்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னது பெரிய செய்தியானது, அப்போதும் இணங்கவில்லை. வாசகர்கள் அந்தக் கதாபாத்திரங்களுக்குத் தங்கள் மாமா, பாட்டி முகங்களைக் கொடுத்துப் படிக்கிறார்கள், ஒரு நடிகரின் முகம் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடக் கூடாது என்பது அவர் வாதம். அவர் 2014-இல் காலமான பிறகு குடும்பம் சம்மதித்து, 2024 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தொடராக வந்தது, கொலம்பியாவிலேயே, ஸ்பானிய மொழியிலேயே எடுக்கப்பட்டது.

நாவலுக்குப் பிறகு சினிமாவை விட்டுவிட்டாரா என்றால் இல்லை. லூயிஸ் அல்கோரீசா, மிகெல் லித்தீன், ரூய் கேர்ரா ஆகிய இயக்குநர்களோடு தொடர்ந்து வேலை செய்தார். எரெந்திரா என்ற பெண்ணைப் பற்றிய அவருடைய கதை முதலில் திரைக்கதையாகவே எழுதப்பட்டு, பிறகு 1972-இல் குறுநாவலாகி, 1983-இல் கேர்ராவின் படமாயிற்று. இந்த வரிசை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. கதை ஒரு வடிவத்தில் பிறந்து இன்னொன்றில் வளர்ந்து மறுபடி பழைய வடிவத்துக்கே திரும்புகிறது.

இதற்கு என்னிடம் இருக்கும் மிகச் சிறந்த உதாரணம் ஒரு பெண் போன் பேசப் போன கதை. மழையில் வண்டி பழுதாகி நடுரோட்டில் நிற்கிறாள். ஒரு பேருந்து ஏற்றிக்கொள்கிறது. அது மனநல விடுதிக்கு நோயாளிப் பெண்களை ஏற்றிப்போகும் பேருந்து. ஒரே ஒரு போன் செய்ய வேண்டும் என்று உள்ளே போகிறாள். போன் பேச வேண்டும் என்று அவள் கெஞ்சுவதே அவளுடைய நோயின் அறிகுறியாகப் பதிவாகிறது. 1979-இல் ஹைமே உம்பெர்த்தோ எர்மோசீயோ இதை 'என் இதய மரியா' என்று குறைந்த செலவில் மெக்ஸிகோவில் படமாக எடுத்தார், திரைக்கதையில் மார்க்கேஸின் பங்கு உண்டு. படத்தில் மரியாதான் மேஜிக் கலைஞர், அவளுடைய காதலன் திருட்டை விட்டு அவளோடு சேர்ந்து மேஜிக் செய்கிறான். பல வருடம் கழித்து மார்க்கேஸ் அதையே சிறுகதையாக எழுதியபோது இடம் ஸ்பெயினுக்கு மாறியது, மேஜிக் கணவனுடைய தொழிலாயிற்று, கதையின் கனம் வேறு இடத்தில் விழுந்தது. சிறுகதையில் நம்மைக் கொல்வது விடுதி இல்லை. கணவன் வந்து பார்த்துவிட்டு, மனைவியை நம்பாமல் டாக்டரை நம்பித் திரும்பிப் போகிறானே, அதுதான். அவன் ஏற்கெனவே அவளைச் சந்தேகிக்கத் தயாராக இருந்தவன் என்பதை ஆசிரியர் மெல்ல மெல்ல நமக்குச் சொல்லிவிடுகிறார். அதை இரண்டு மணி நேரப் படத்தில் முகபாவங்களை வைத்துச் சொல்வதைவிட, நான்கைந்து வாக்கியங்களில் அவர் கூர்மையாகச் செய்திருக்கிறார்.

இனி வகுப்பு.

1982-இல் நோபல் பரிசு. 1985 டிசம்பரில் ஹவானாவில் புதிய லத்தீன் அமெரிக்க சினிமாவுக்கான அறக்கட்டளை ஒன்று தொடங்கி, மார்க்கேஸ் அதன் தலைவரானார். மறு வருடம் 1986 டிசம்பர் 15 அன்று, ஹவானாவுக்கு அருகே சான் அந்தோனியோ தெ லோஸ் பான்யோஸ் என்ற ஊரில் சர்வதேச சினிமா, தொலைக்காட்சிப் பள்ளி திறக்கப்பட்டது. அர்ஜென்டினா சினிமா இயக்குநர் பிர்ரிதான் பள்ளியின் முதல் தலைவர். பிர்ரி, கியூபாவின் ஹூலியோ கார்சியா எஸ்பினோசா, தொமாஸ் குத்தியேர்ரெஸ் அலெயா எல்லோரும் ஐம்பதுகளில் ரோமின் அதே நிறுவனத்தில் படித்தவர்கள். ரோமில் விதைத்தது முப்பது வருடம் கழித்து கியூபாவில் முளைத்தது என்றே சொல்ல வேண்டும். லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, ஆசியா என்று மூன்று உலகங்களின் பள்ளி என்று பெயர் வைத்தார்கள். நிரந்தர வாத்தியார்களை நம்பாமல், தொழிலில் இருப்பவர்கள் சில வாரங்கள் வந்து தங்கிச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவார்கள், செய்து பார்த்தே கற்க வேண்டும் என்பது கொள்கை.

இதன் அரசியலைச் சொல்லாமல் போனால் நேர்மையாக இருக்காது. பள்ளி ஃபிடல் காஸ்ட்ரோவின் ஆதரவோடு நடந்தது. காஸ்ட்ரோவோடு மார்க்கேஸ் வைத்திருந்த நட்பு பல எழுத்தாளர்களை அவரிடமிருந்து விலக்கியது. எழுத்தாளர்களைச் சிறையில் அடைத்த அரசுக்குத் தன் பெயரைக் கடனாகக் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு நியாயமானது, அதற்கு அவர் சொன்ன பதில்கள் எனக்குப் போதவில்லை. அதே சமயம், சொந்த நாட்டில் சினிமா படிக்க வழியில்லாத எத்தனையோ இளைஞர்களுக்கு அந்தப் பள்ளி கதவு திறந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அங்கே அவர் நடத்திய பட்டறையின் பெயர் 'ஒரு கதையை எப்படிச் சொல்வது'. பட்டறையில் பேசியதை ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி தொண்ணூறுகளில் புத்தகங்களாகவும் போட்டார்கள். மேசையைச் சுற்றி பத்துப் பேர் போல. அரை மணி நேரத் தொலைக்காட்சிப் படத்துக்கான கதை வேண்டும். ஒருவர் ஒன்லைன் சொல்வார், மற்றவர்கள் அதைப் பிரித்து மேய்வார்கள். சினிமாக்காரர்கள் 'டிஸ்கஷன்' என்று சொல்வார்களே, அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம், யார் சொன்ன யோசனை என்பதை அந்த மேசை மறந்துவிட வேண்டும், கதைக்கு எது நல்லது என்பது மட்டும் மிஞ்ச வேண்டும்.

அந்தப் புத்தகங்களில் ஒன்றின் தொடக்கம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. பத்திரிகையைப் புரட்டும்போது ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோவின் இறுதிச் சடங்குப் புகைப்படம் ஒன்று மார்க்கேஸின் கண்ணில் படுகிறது. மழை. பின்னால் மங்கலாகக் காவலர்களும் குடைகளும். நடுவில் கறுப்பு உடையில், கறுப்புக் குடையோடு, ஒல்லியான புதிய பேரரசி தனியாக நிற்கிறார். அதைப் பார்த்ததும் இதில் ஒரு கதை இருக்கிறது என்று அவருக்குத் தோன்றுகிறது. பேரரசர் செத்த கதை இல்லை, அதைப் படமே சொல்லிவிடுகிறது. இது வேறு ஏதோ ஒரு அரை மணி நேரக் கதை. என்ன கதை என்று அவருக்கே தெரியாது. உலகப் புகழ்பெற்ற ஒருவர் பாடக் குறிப்பைத் தூக்கிக்கொண்டு வராமல், இன்னும் முளைக்காத ஒரு விதையைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் முன் வந்து உட்கார்கிறார். எனக்கு அதில் பெரிய மரியாதை. பெரும்பாலான ஆசிரியர்கள் முடிந்த கதையைக் காட்டித்தான் பாடம் நடத்துவார்கள்.

பட்டறையில் அவர் கேட்கும் கேள்விகள் சாதாரணமானவை. அவளுக்கு வயது என்ன? அந்த வீட்டில் இன்னும் யார் இருக்கிறார்கள்? பணம் எங்கிருந்து வருகிறது? அவன் ஏன் நேற்றே இதைச் செய்யவில்லை? தத்துவத்துக்கு அங்கே இடம் குறைவு. இதன் பின்னால் அவருடைய பத்திரிகை அனுபவம் நிற்கிறது. வானத்தில் யானைகள் பறக்கின்றன என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், 425 யானைகள் பறக்கின்றன என்று சொன்னால் ஒருவேளை நம்புவார்கள் என்று 1981-இல் ஒரு பேட்டியில் சொன்னார். 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் அழகி ரெமேதியோஸ் வானத்துக்கு ஏறிப் போகும் காட்சியை எழுத முடியாமல் அவர் தவித்ததும், காற்றோடு மல்லுக்கட்டித் துவைத்த துணி காயப்போட்ட ஒரு பெண்ணைப் பார்த்த பிறகு அந்தப் படுக்கை விரிப்புகளைப் பிடித்துக்கொண்டு ரெமேதியோஸ் ஏறியதும் அவரே சொன்ன கதை. அதிசயத்தைத் தூக்கி நிறுத்தியது ஒரு கொடித்துணி. இப்படியான விஷயங்களை ஒரு மேசையில் உட்கார்ந்து நிச்சயமாகக் கற்றுக்கொடுக்க முடியும்.

பள்ளி வேலையிலிருந்து சில படங்களும் பிறந்தன. 1988-இல் ஸ்பானியத் தொலைக்காட்சிக்காக அவருடைய கதைகளில் ஆறு படங்கள் வந்தன, ஆறு இயக்குநர்கள், திரைக்கதைகளை அவர்களோடு சேர்ந்து எழுதினார். அதில் ஒன்று 'ரோமில் அதிசயம்'. செத்து வருடங்கள் ஆகியும் உடல் கெடாத மகளைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு, புனிதர் பட்டம் கேட்டு ரோமில் அலையும் அப்பாவின் கதை. மேலே சொன்ன 'புனிதை' சிறுகதையும் இதேதான். சிறுகதையில் சவாத்தீனி, அந்தப் பெண் உயிரோடு எழுந்திருக்க வேண்டும் என்கிறார், ஆனால் கதையில் அவள் எழுவதில்லை. படத்தில் எழுந்துவிடுகிறாள். சினிமாவுக்கு சவாத்தீனி சொன்ன முடிவு, எழுத்துக்கு வேறு முடிவு. எது எங்கே பொருந்தும் என்ற தீர்ப்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

பத்திரிகையாளர்களுக்கும் அவர் இதையே செய்தார். 1994-இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, இளம் நிருபர்களுக்குப் பட்டறைகள் நடத்த ஏற்பாடு செய்தார். பல்கலைக்கழகப் பாடத்தைவிட, ஐந்து மணிக்கு எல்லோரும் வேலையை நிறுத்திக் காப்பியோடு அன்றைய செய்திகளைப் பேசிய பழைய பத்திரிகை அலுவலகமே பெரிய பள்ளி என்பது அவர் நினைவு. 1996-இல் பத்திரிகை உரிமையாளர்கள் கூட்டத்தில் பேசும்போது, டேப் ரெக்கார்டர் கேட்டதைக் கிளி போலத் திருப்பிச் சொல்லும், யோசிக்காது என்றார். அறம் என்பது தொழிலோடு எப்போதும் கூடவே இருக்க வேண்டும், வண்டோடு ரீங்காரம் இருப்பது போல என்றார்.

கடைசிக் கேள்வி, கற்றுக்கொடுக்க முடியும் என்று நம்பினாரா? பாதிதான். கதைசொல்லிகள் பிறக்கிறார்கள், யாரும் அவர்களைத் தயாரிப்பதில்லை என்று பட்டறையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் அந்தப் பிறவிக் குணம் மட்டும் போதாது, படிப்பும் தொழில்நுட்பமும் அனுபவமும் வேண்டும், அதைத்தான் அந்த மேசை தரும். இன்னொன்றையும் அவர் விடாமல் சொன்னார், எழுதியதைத் தூக்கி எறியக் கற்பது. ஒரு எழுத்தாளரை அவர் வெளியிட்டதை வைத்து மட்டும் எடை போடாதே, குப்பைக்கூடையில் போட்டதையும் பார் என்பது அவர் அளவுகோல். மாணவர்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கும். நாலு நாள் எல்லோரும் சேர்ந்து வளர்த்த கதையை ஐந்தாம் நாள் கைவிட வேண்டும்.

அதை அவர் தனக்கும் செய்துகொண்டார். நீங்கள் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லும் புத்தகம் 1992-இல் வந்த பன்னிரண்டு கதைகளின் தொகுப்பு, ஆங்கிலத்தில் 'Strange Pilgrims'. போன் கதை, புனிதை கதை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. முன்னுரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட நோட்டில் 64 கதைக் கருக்களைக் குறித்து வைத்திருந்ததையும், அந்த நோட்டு தொலைந்ததையும், நினைவிலிருந்து முப்பதை மீட்டதையும், அதில் பதினெட்டு தேறியதையும், அந்தப் பதினெட்டில் ஆறு குப்பைக்கூடைக்குப் போனதையும் கணக்குப் பிள்ளை மாதிரி எழுதியிருப்பார். சில கதைகள் நடுவில் திரைக்கதையாகவும் பத்திரிகைக் கட்டுரையாகவும் இருந்து திரும்பி வந்தவை.

அந்த ஆறில் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். எழுபதுகளின் தொடக்கத்தில் பார்சிலோனாவில் இருந்தபோது கண்ட கனவு. அவருடைய சாவுக்கு நண்பர்கள் எல்லோரும் வந்திருக்கிறார்கள், பழைய ஆட்கள், வெகுநாள் பார்க்காதவர்கள். எல்லோரும் கறுப்பு உடையில், ஆனால் திருவிழா போலச் சந்தோஷம், அவரும் அவர்களோடு நடந்து பேசிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் எல்லோரும் கிளம்புகிறார்கள், அவரும் கிளம்பப் பார்க்கிறார். நீ மட்டும் போக முடியாது என்று ஒருவர் தடுத்துவிடுகிறார். இனி நண்பர்களோடு இருக்க முடியாது என்பதுதான் சாவு என்று அப்போதுதான் தனக்குப் புரிந்தது என்கிறார். இருபது வருடம் வைத்திருந்து பார்த்தும் அதைக் கதையாக்க முடியவில்லை. கூடையில் போட்டுவிட்டார்.